துப்பாக்கி இல்லாத உறை

அசோகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவருடைய துப்பாக்கி. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது, செக்யூரிட்டி ஏஜென்சியில் அவருடைய உயரத்தைக் கேட்கவில்லை, எந்த எல்லையில் நின்றார் என்றும் கேட்கவில்லை. "சொந்தமா லைசென்ஸ் துப்பாக்கி கீதா?" என்று மட்டும் கேட்டார்கள். இல்லாதவனுக்கு ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இருப்பவனுக்கு நகைக்கடை வாசல், கூடுதல் சம்பளம், 'கன்மேன்' என்ற பெயர்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர் அவர். அந்தக் குடிசைகளை இடித்து எல்லோரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு, தினமும் இரண்டு பஸ் மாறி தி.நகருக்கு வந்துகொண்டிருந்தார். கங்காதரனின் நகைக்கடை வாசலில், நீலச் சீருடையும் இடுப்பில் தோல் உறையுமாக நிற்பார். போன வருஷம்தான் பழைய ரிவால்வரை விற்று, மனைவி தேவானையின் வளையலையும் சேர்த்துப் போட்டுப் புது பிஸ்டல் வாங்கியிருந்தார். வாரண்டியோடு வந்தது. தொட்டால் சில்லென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைக்க உட்கார்ந்தால் தேவானை பக்கத்தில் வரமாட்டாள். "அத்த மூடி வையி மொதல்ல" என்பாள்.

ஆயுத பூஜையன்று கடையில் தராசு, சாவிக்கொத்து, பில் போடும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். "அசோகா, உன் ஆயுதத்தையும் வை, அதுதானே நெஜ ஆயுதம்" என்று சிரித்தார் கங்காதரன். அசோகன் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேல் பாகத்தை இழுத்து உள்ளே பார்த்து, காலிதான் என்று உறுதி செய்துகொண்டு, வாழை இலையின் ஓரத்தில் பிஸ்டலை வைத்தார்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் முதலாளியின் மகன் பாரத் அதைக் கையில் எடுத்தான். கல்லூரியில் படிக்கிறவன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, நண்பனிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னான். பொட்டு வைத்த பிஸ்டலை நீட்டி விசையை அமுக்கினான். டக். மேலே உள்ள பாகத்தை இழுத்துவிட்டு மறுபடியும் அமுக்கினான். டக்.

"தம்பி, தோட்டா இல்லாம அமுக்காதீங்க. உள்ள ஊசி ஒடிஞ்சிரும்" என்றார் அசோகன்.

"ஒரே ஒரு டேக், அங்கிள்."

ஒன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. கடைப் பெண்கள் சுண்டல் தின்றுகொண்டே கைதட்டினார்கள். கங்காதரன் மகனைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார். அசோகன் கையை நீட்டியபடி நின்றார். நீட்டிய கையை யாரும் பார்க்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவரை தன் துப்பாக்கியை அடுத்தவன் தொட விட்டதில்லை அவர். இங்கே பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

தீபாவளி முடிந்த பிறகு ஏஜென்சி தன் கன்மேன்களையெல்லாம் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போனது. வருஷா வருஷம் நடப்பதுதான். அசோகன் முறை வந்தது. குறி பார்த்தார், விசையை அழுத்தினார். டக் என்று மட்டும் கேட்டது. தோட்டாவை மாற்றிப் போட்டார். அதே டக். பின்னால் நின்ற ஒருவன், "இன்னா நைனா, தீவாளி துப்பாக்கியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அசோகனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியின் முனை போயிருக்கிறது.

ராயப்பேட்டையில் அவர் பிஸ்டல் வாங்கிய துப்பாக்கிக் கடையின் சொந்தக்காரர் ராஜகோபாலன், மயிலாப்பூர்க்காரர். ஊசியை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாரண்டி இருக்கு, இல்லேங்கலை. தொழிற்சாலைக்கு அனுப்பி வைக்கறேன். ஆனா எப்படி ஒடிஞ்சதுன்னு அவா கேப்பா. காலியா வச்சுண்டு அடிச்சா வாரண்டி கிடையாது. நீங்க அடிச்சேளா?"

"நான் அடிக்கல சார்."

"அப்போ யார் அடிச்சா?"

அசோகன் யோசித்தார். பாரத் பெயரைச் சொன்னால், லைசென்ஸ் துப்பாக்கியை அடுத்தவன் கையில் கொடுத்தேன் என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்கு லைசென்ஸையே பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் வாரண்டி போகும். எந்தப் பக்கம் போனாலும் அடி அவருக்குத்தான்.

"தெரியல சார். தானா ஒடஞ்சிருக்கும்."

ராஜகோபாலன் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "எழுதி அனுப்பறேன். பாத்தவுடனே அவாளுக்குத் தெரிஞ்சுடும், மனசுல வச்சுக்கோங்கோ" என்றார்.

அன்று வீட்டில் தேவானை விடவில்லை. "இன்னாத்துக்கு அந்தப் பையன் கையில குடுத்த?"

"குடுக்கல. அவனே எடுத்தான்."

"நீ சொம்மா நின்னுக்கினு இருந்த."

"மொதலாளி புள்ள கையில கீறத புடுங்க சொல்றியா?"

"இப்ப மட்டும் இன்னாவாம்? அவரு கையில போய் கேளு. அவுரு புள்ளதான ஒடச்சான்?"

அசோகன் போய்க் கேட்டார். எழுத்தில் எதுவும் வேண்டாம், ரிப்பேர் செலவை ஏற்றுக்கொண்டால் போதும், பிஸ்டல் திரும்பி வரும்வரை வேலையிலிருந்து எடுக்காமல் இருந்தால் போதும் என்றார். கங்காதரன் கோபப்படவில்லை. மகனைக் கூப்பிட்டு அசோகன் எதிரிலேயே விசாரித்தார்.

"எந்த பிஸ்டல்? ஓ, அதுவா? சும்மா கையில வச்சு போஸ் குடுத்தேன்பா. அமுக்கவே இல்லியே" என்றான் பாரத். அசோகனின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். கண்கூட இமைக்கவில்லை.

"வீடியோ இருக்கே தம்பி."

"அதை அப்பவே டெலீட் பண்ணிட்டேன் அங்கிள்."

கங்காதரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாரு அசோகா, இவன் அமுக்குனான்னே வச்சுப்போம். குடுத்தது தப்பா, வாங்குனது தப்பா? இதைப் போய் வெளியில பேசினா யாருக்குக் கஷ்டம்? உனக்குத்தான். உன் நல்லதுக்குச் சொல்றேன்." குரலில் அவ்வளவு அக்கறை இருந்தது. கைகழுவி விடுகிறவர்களுக்கு மட்டுமே வருகிற அக்கறை.

வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் பொங்கல் வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்தது, வாசலில் கன்மேன் இல்லாமல் எப்படி? "உறையை மட்டும் மாட்டிக்கிட்டு நில்லு. உள்ள என்ன இருக்குன்னு வர்றவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார் கங்காதரன். அசோகன் உறைக்குள் ஒரு துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் நகை வாங்க வந்து போனது. ஒரு குழந்தை உறையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியது. அசோகன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "போலீஸ் மாமா திட்டுவாரு" என்று அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள். திருடன் எவனாவது வந்தால் சுருட்டிய துணியை எடுத்தா நீட்டுவது என்று அவருக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை. பட்டாளத்தில் எந்தக் காவல் சாவடியிலும் அவர் இப்படி வெறுங்கையோடு நின்றதில்லை.

பொங்கல் முடிந்ததும் ஏஜென்சி புது ஆளை அனுப்பியது. சேட்டு என்று பெயர், தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. அசோகனைப் பக்கத்துச் சந்தில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்க வைத்தார்கள். சீருடை அதேதான், உறையை மட்டும் கழற்றிவிடச் சொன்னார்கள். சேட்டு நல்லவன். டீ வந்தால் முதல் டம்ளரை அவரிடம் நீட்டுவான். அதுதான் அசோகனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் டோக்கன் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். கடையிலிருந்து யாரும் போன் செய்யவில்லை.

மார்ச் மாதம் ராஜகோபாலன் கூப்பிட்டனுப்பினார். பிஸ்டல் வந்துவிட்டது. புது ஊசி போட்டிருந்தார்கள். தவறாகப் பயன்படுத்தியதால் உடைந்தது, வாரண்டியில் சேராது என்று முடிவு கட்டியிருந்தார்கள். தேவானை வேலை செய்யும் பெசன்ட் நகர் வீட்டில் முன்பணம் வாங்கி வந்து கொடுத்திருந்தாள். அசோகன் அதை அப்படியே மேஜைமேல் வைத்தார்.

"நீங்க அடிக்கலேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் ராஜகோபாலன். "யாரையோ காப்பாத்தறேள்னு நெனச்சேன்."

"யாரையும் காப்பாத்தல சார். என்னத்தான் காப்பாத்திக்கினேன். அதுவும் முடியல."

ராஜகோபாலன் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, பிஸ்டலை அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த வாரமே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கடைகளுக்கும் வங்கிகளுக்கும் காவல் நிற்பவர்களுக்கு விலக்கு கேட்கலாம். அசோகன்தான் இப்போது எதற்கும் காவல் இல்லையே. ரிப்பேராகி வந்த பிஸ்டலால் ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காமல் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுத்தர் தலையை நிமிர்த்தாமல், "எங்க வேலை?" என்றார். "இப்ப இல்ல சார்" என்றார் அசோகன். எழுத்தர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

தேர்தல் முடிந்தது. துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அதற்குள் அசோகனுக்கு அடையாறில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் வேலை கிடைத்திருந்தது. விசில் கொடுத்தார்கள். மழை வந்தால் பிடிக்க ஒரு குடை. துப்பாக்கி இருப்பதாக அங்கே அவர் சொல்லவே இல்லை.

"எல்லாரும் வாங்கினு வந்துட்டாங்களாம். நீ எப்ப போப்போற?" என்று தேவானை கேட்டாள்.

"போவல."

"என் வளையல போட்டு வாங்கினது அது."

தேவானை பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் அவளே ராயப்பேட்டைக்குப் போய், விற்றால் என்ன கிடைக்கும் என்று ராஜகோபாலனிடம் கேட்டுவிட்டு வந்தாள். ஒரு தடவை ரிப்பேர் ஆன துப்பாக்கிக்குப் பாதி விலைகூட வராது என்று அவர் சொன்னாராம். சோறு போடும்போது அதைச் சொன்னாள். அசோகன் தலையாட்டிவிட்டுக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.