வராத பிள்ளைகளைத் தேடிப் போன ஜெயசீலி அம்மா

செவ்வாய்க்கிழமை காலை முதல் மணி அடித்த சற்று நேரத்தில், கல்வி அலுவலகப் பியூன் முனுசாமி சைக்கிளில் வந்து வகுப்பு வாசலில் நின்றார். "சார், ஜெயசீலி அம்மா பூட்டாங்க சார். விடிகாலைல மாரு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிட்ச்சு" என்றார். நான் சாக்பீஸைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

அம்மாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அறிய, சில வருஷங்களுக்கு முன் டெல்லியிலிருந்து நாடு முழுவதும் ஒரு தேர்வு வைத்தார்கள். பூந்தமல்லி வட்டாரத்தில் அதை நடத்தி அறிக்கை எழுதியவர், கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்த ஜெயசீலி அம்மா. எந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று மாநில அரசு அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும் என்றார்கள்.

நூம்பல் பக்கம் என்னுடையது ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவனே. ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மூன்றாம் வகுப்பில் அடிதடி. இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

வாத்தியார்களான எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சோதிக்க வருகிறார்கள் என்றால், படிப்பு ஏறாத பிள்ளைகளிடம் முந்தின நாளே "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிடுவோம். வெட்கக்கேடுதான், ஆனால் செய்தோம். தேர்வன்றும் ஒன்பது பேரை வீட்டில் நிறுத்திவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏழு பேரைத் தலைவாரி உட்கார வைத்திருந்தேன்.

அம்மா வந்ததும் வருகைப் பதிவேட்டைத்தான் கேட்டார். "நேத்து வரைக்கும் பதினாறு பேர். ஒன்பது பேருக்கும் ஒரே நாள்லயா சார் காய்ச்சல்?"

"ஊர்ல ஒரு மாதிரி காய்ச்சல்மா" என்று உளறினேன். அவர் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க, பார்த்துட்டு வரலாம்" என்றார்.

முதல் வீடு கஸ்தூரியுடையது. அவள் அம்மா எங்களைப் பார்த்ததும், "இன்னா சார், நீங்கதானே பொண்ண இன்னிக்கு அனுப்பாதன்னு சொன்னீங்க? இப்போ நீங்களே வந்துகீறீங்க?" என்றார். பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது எனக்கு.

ஒன்பது பேரையும் அழைத்துக்கொண்டு திரும்பும்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுங்க எழுதினா பள்ளிக்கூடம் மானம் போயிடும்மா. மெமோ எனக்குத்தானே வரும், உங்களுக்கா வரப்போகுது?"

அம்மா நின்றார். "சார், எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்கன்னு நான் எழுதிட்டா, ஒரு வாத்தியாரே போதும்னு ஃபைலை மூடிடுவாங்க. இவங்களுக்காகத்தானே இன்னொருத்தரைக் கேக்கறீங்க? இவங்களையே மறைச்சிட்டா எப்படி?"

ஒன்பது பேரையும் மற்ற ஏழு பேரோடு தேர்வுக்கு உட்கார வைத்தேன்.

கஸ்தூரி கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வரிகூடப் படிக்க வரவில்லை. கண்ணில் நீர் கட்டிவிட்டது. கேள்வியைப் படித்துச் சொல்லலாம் என்று நான் குனிந்தபோது அம்மா வேண்டாமென்று தலையசைத்தார். தேர்வு முடிந்ததும் கஸ்தூரியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே தாளை அவளோடு எழுத்துக் கூட்டிப் படித்தார். பேருந்தைத் தவறவிட்டுத்தான் அன்று வீடு போனார்.

வட்டாரத்தின் பெயர் கெடும், மதிப்பெண் குறைந்த பள்ளிகளை அறிக்கையில் சேர்க்காதீர்கள் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். அம்மா மறுத்துவிட்டார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. முனுசாமி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அம்மாவைப் பார்த்தபோது அதைப் பற்றிக் கேட்டேன்.

"விடுங்க சார். புரமோஷன் அடுத்த வருஷம் வரும். அந்தப் பிள்ளைங்களுக்கு அஞ்சாங்கிளாஸ் மறுபடி வருமா?" என்றார். அடுத்த வருஷமும் அவருக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான்.

அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. சில மாதங்களில் எங்கள் வட்டாரத்து ஓராசிரியர் பள்ளிகளுக்கெல்லாம் இரண்டாவது ஆசிரியர் போட உத்தரவும் வந்தது. எங்களுக்குக் கமலா டீச்சர் வந்தார்.

முன்பெல்லாம் சாவுச் செய்தி வந்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, பள்ளியைப் பூட்டிவிட்டுத்தான் நான் கிளம்ப முடியும். செவ்வாயன்று கமலா டீச்சர், "நீங்க போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். நான் தெருவில் இறங்கியபோது உள்ளே ஐந்தாம் வகுப்பு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது.

அம்மா, கரையான்சாவடியில் உங்கள் வீட்டில், உங்கள் காலடியில் நின்றபோது அழுகையில் சொல்ல முடியவில்லை. உங்களை வழியனுப்ப நான் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வரவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.