அம்மா தன் இடுப்பில் கட்டிக்கொண்ட கயிறு

பெரியவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், அம்மாவின் கையால் ஒரு வாய்க் கூழாவது குடித்தவர்களுக்கும் அவருடைய ஒரே மகன் எழுதுவது.

அம்மா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், பட்டாசு லேபிள் அடித்து மிஞ்சிய தாளில், முதலாளி தயவில் இந்த நினைவு மலர் வருகிறது. எழுதியவனும் நானே, எழுத்துக் கோத்தவனும் நானே, பிழை திருத்தியவனும் நானே. குற்றம் கண்டால் ஒரே ஆளை மூன்று முறை திட்டிக்கொள்ளலாம். தப்பி ஓடிவிடுவானோ என்ற கவலை வேண்டாம். என் வலது கால் அதற்கெல்லாம் ஒத்துவராது.

அம்மா பிறந்தது விருதுநகருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில். பருத்தி எடுத்தும் மிளகாய் ஆய்ந்தும் வளர்ந்தார். மழை பொய்த்த காலத்தில் தாயில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தார். அய்யா, என் அப்பா, அங்கே பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர். அம்மாவும் அதே கம்பெனிக்குத் திரி வெட்டப் போனார். நான் பிறந்து, நடக்கப் பழகி, நடந்து சலித்துவிட்டவன்போல ஒரு காய்ச்சலில் படுத்தேன். எழுந்தபோது வலது கால் சூம்பியிருந்தது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள்.

அந்நாளில் இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே ஏற்பாடுதான். தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தூணில் முடிந்து, எட்டும் தூரத்தில் கூழும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார். யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. அவிழ்த்துவிட்டால் கிணறு இருக்கிறது, லாரி இருக்கிறது. நானும் அப்படித்தான் கிடந்தேன். தவழ்ந்து போய் எட்டிய கருப்பட்டியைத் தின்று தீர்த்தேன். அய்யா கருப்பட்டியை நகர்த்தவில்லை, கயிற்றைக் குறைத்தார்.

பிறகு ஒரு பங்குனியில் பக்கத்து ஊரில் ஒரு கூரை வீடு பற்றியது. ஊரே கூடி அடுத்த வீடுகளைக் காப்பாற்றியது. அந்த வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், உள்ளே ஆள் இல்லை என்று விட்டுவிட்டார்கள். உள்ளே வாய் பேசாத பிள்ளை ஒன்று தூணில் கட்டிக் கிடந்தது. துக்கம் கேட்கப் போய்த் திரும்பிய அம்மா என் கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். அன்றைக்கே பக்கத்து வீட்டுத் தெய்வானை அத்தையிடம் போனார். அத்தையின் மகள் பேச்சிக்குப் பிறவியிலேயே காது கேளாது.

"ஏ தெய்வான, பேச்சியக் கட்டித்தான போட்டுட்டுப் போற?"

"கட்டாம? கூப்பிட்டாத் திரும்புற பிள்ளையா மதினி அது?"

"நாளைக்கு நான் வேலைக்குப் போகல. அவள எங்கிட்ட விடு. மறுநா நீ இரு, எம்மவன உங்கிட்ட விடுறேன்."

"உம்மவனா? ஆத்தாடி, அந்த வாயாடி ஒருத்தனுக்கு நாலு பேச்சிய வச்சுப் பாத்துக்கிடலாமே."

இப்படித்தான் முறை தொடங்கியது. மற்றத் தெருக்களிலிருந்தும் இப்படிப் பிள்ளை உள்ள தாய்மார்கள் வந்தார்கள். மாடு விற்றபின் காலியாகக் கிடந்த தொழுவத்தை நிலம் உழும் ஒரு சம்சாரி வீட்டார் கொடுத்தார்கள். காலையில் ஆளுக்கொரு கை கம்புத் தானியத்தைக் கூழுக்கான பொதுப்பானையில் போட்டுப் பிள்ளையை விட்டுப் போவார்கள். முறைக்காரி அன்று சம்பளத்தை விட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பாள். மாடு போன இடத்துக்கு நாங்கள் வந்தோம். தொழுவம் கழுவுகிற வேலை மட்டும் குறையவில்லை என்று அம்மா சொல்வார்.

அந்தக் கயிற்றை அம்மா தொழுவத்துச் சுவரில் மாட்டி வைத்தார். மறுபடி கட்டிவிடுவாரோ என்று நான் எதிர்ச்சுவர் ஓரமாகவே உட்காருவேன். பெரியவர்களுக்கு வேறு பயம் இருந்தது. முறைக்கு இருப்பவள் எப்போதும் கம்பெனி இருக்கும் திசையைப் பார்த்துத்தான் உட்காருவாள். ரோட்டில் டயர் வெடித்தால்கூடக் கூழ் கிண்டும் கை நின்றுவிடும். காற்று அந்தப் பக்கமிருந்து கந்தக வாடையோடு வரும் நாளில் பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பார்ப்பார்கள். அம்மாதான் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார்.

"வெடிச்சா ஊரே கம்பெனிக்கு ஓடும். முறைக்காரியும் ஓடுவா. இந்தப் பிள்ளைக கிட்ட யாரு இருப்பா?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரி மதினி" என்றார் அத்தை. அத்தோடு பேச்சு முடிந்தது.

அது தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. அன்று அம்மாவின் முறை. உச்சி நேரத்தில் பேச்சி சட்டென்று விளையாட்டை நிறுத்தி உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகுதான் எங்களுக்குச் சத்தம் வந்தது.

தெரு முழுக்க ஓடியது. "எந்த ரூமு?" என்று யாரோ கத்தினார்கள். "மருந்து ரூமு" என்று பதில் வந்தது. அய்யா இருக்கும் அறை. அம்மா வாசலைத் தாண்டிவிட்டார். நின்றார். திரும்பி வந்து ஆணியிலிருந்த கயிற்றை எடுத்து ஒரு முனையை என் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டி முடிச்சை இறுக்கினார்.

"எதுக்கும்மா கட்டுற?"

"நீ ஓடிறக் கூடாதுல்லலே."

நான் என்றைக்கு ஓடினேன்? அது எனக்கே சிரிப்பாக இருந்தது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் சேலையைப் பிடித்துவர, பொறி விழுந்தாலும் பற்றக் கூரையே இல்லாத காய்ந்த கண்மாய்க்குள் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னொரு வெடி. ஒவ்வொரு வெடிக்கும் அவர் எழுந்தார். கயிறு என்னை இழுக்கும். மறுபடி உட்காருவார். நான் பேச்சிக்குக் கோணல் மூஞ்சி காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

பொழுது சாயத் தெய்வானை அத்தை தலையெல்லாம் சாம்பலாக வந்தார். "மதினி, அண்ணன விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக." கயிற்றை அவிழ்க்க மறந்து, என்னையும் சுமந்துகொண்டே அம்மா லாரியில் ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அய்யாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

தொழுவத்தில் ஒரு பொறிகூட விழவில்லை. ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. "பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலையே, ஒரு எட்டுப் போயிருக்கலாம்ல? என்ன பொம்பள" என்றார்கள். "எப்படி மதினி இருக்க முடிஞ்சது?" என்று அத்தை கேட்டதற்கு அம்மா, "நான் எங்க இருந்தேன்? இவன்ல என்னியக் கட்டி வச்சிருந்தான்" என்றார்.

கருமாதி விசேஷம் முடிந்த மறுநாள், அப்படிப் பேசிய அதே பெண்கள் பிள்ளைகளோடும் ஒரு கை கம்புத் தானியத்தோடும் வந்து நின்றார்கள். அம்மா பானையை நீட்டினார். "இனிமே முறைக்கு ரெண்டு பேரு. ஒருத்தி ஓடட்டும். ஒருத்தி இருக்கட்டும்" என்றார். அந்தக் கட்டுப்பாடு இன்றுவரை மாறவில்லை.

கடைசி நாட்களில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. எங்கோ ஒரு சரம் வெடித்தாலும் எழப் பார்ப்பார். கை எதையோ தேடும். நான் அவருடைய முந்தானையை எடுத்து என் இடுப்பில் சுற்றிக்கொண்டு, "படும்மா. நான் எங்கன ஓடப் போறேன்?" என்பேன். ஒரு நாள் சிரித்தார். மறுநாள் சிரிக்கவில்லை.

அம்மாவுக்குக் கடைசிக் கஞ்சி ஊட்டிய பேச்சிக்கும், பக்கத்திலேயே கிடந்த தெய்வானை அத்தைக்கும், தொழுவம் கொடுத்த வீட்டாருக்கும், தாள் கொடுத்த முதலாளிக்கும், அம்மாவைப் பழித்துவிட்டு மறுநாளே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர்களுக்கும் என் நன்றி.

இது மறுபடியும் சீசன். கம்பெனி ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இன்றைய பந்திக்கு இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் தொழுவத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் சோறு அனுப்பிவிட்டுத்தான் உங்களுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.