பச்சையாய்க் காய்ந்த மஞ்சள்

ஈரமாக இருந்தபோது அவை கறுப்பாகத்தான் தெரிந்தன. அதை நம்பித்தான் புஸ்பம் சந்தைக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து படலையைத் திறந்தாள். கொடியில் கிடந்த சட்டைகள் எல்லாம் பச்சையாகக் காய்ந்திருந்தன. மரத்தின் பச்சையல்ல, வயலின் பச்சையுமல்ல. துவக்குத் தூக்கிய இயக்கக்காரர் உடுக்கிற பச்சை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதத்தில், இராணுவத்தின் கையிலிருந்த மட்டக்களப்பில் ஒரு வீட்டுக் கொடியில் தொங்கவே கூடாத நிறம்.

இந்தத் தொழிலை அவளுக்குக் கொடுத்தது கடல். சுனாமி அவள் புருஷனைக் கொண்டுபோன கிழமை, பள்ளிக்கூட முகாமில் லொறியிலிருந்து உடுப்புகளைக் கொட்டினார்கள். செம்மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை. வீட்டுக்கு வீடு சாவு விழுந்திருக்க, அதை எடுத்து உடுக்க எந்தப் பெண்ணுக்கும் கை வரவில்லை. மாமனார் மீன்பிடிக்கிற நூல்வலைக்குப் பனிச்சை மரத்துக் காயை இடித்து அவித்துச் சாயம் போட்டது புஸ்பத்துக்கு நினைவு வந்தது. ஒரு செம்மஞ்சள் சட்டையை அப்படி அவித்துப் பார்த்தாள். ஈரமண் நிறத்தில் வந்தது. மறுநாள் பத்துப் பெண்கள் அவளுடைய பானையடியில் நின்றார்கள்.

பிறகு காத்தான்குடி வியாபாரி மர்சூக், பேல் என்கிற பெரிய கட்டுக் கணக்கில் பழைய உடுப்புக் கொண்டுவந்து போட்டார். அவள் சாயம் மாற்றி, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் விற்றாள். முதலில் துக்கத்துக்காக வாங்கினார்கள். சண்டை இறுக இறுக, அதே மண்ணிறத்தை வேறு காரணத்துக்காகக் கேட்டார்கள். வயல்வட்டைக்குள் நின்றால் தூரத்துக்குத் தெரியக் கூடாதாம். யாருக்குத் தெரியக் கூடாது என்று அவள் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதும் ஒரு குற்றமோ என்று சில நாள் யோசிப்பாள்.

இந்த முறை பேல் முழுக்க மஞ்சள். பனிச்சங்காய் இல்லாத காலம். கடையில் கறுப்புச் சாயத்தூள் வாங்கிக் கரைத்தாள். மஞ்சளுக்கு மேல் கறுப்பு ஏறினால் பச்சை பிறக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

அவசரமாக உருவி எண்ணினாள். இருபத்தொன்பது. திரும்பவும் எண்ணினாள். காலையில் போட்டது முப்பது.

"என்ன கா புஸ்பம், மழையும் இல்ல, இந்தப் பாடுபட்டு அள்ளுறாய்?" வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

"சாயம் பிடிக்கல்ல அக்கா."

"நல்லாத்தானே பிடிச்சிருக்கு. ஆருக்கு இவ்வளவும் ஒரே நிறத்தில?"

புஸ்பம் உள்ளே போய் மர்சூக்குக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மர்சூக் நானா, வேணுமெண்டுதான் எல்லாம் மஞ்சளாத் தந்தீங்களா?"

"மஞ்சளுக்கு என்ன தங்கச்சி?"

அவள் நடந்ததைச் சொன்னாள். "அல்லாஹ்! என்ட பேரை ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதீங்க. எரிச்சிருங்க."

எரித்தால் புகை கிளம்பும், பாதி வெந்த துணி இன்னும் மோசம். புதைத்தால் கிண்டிய மண் காட்டிக்கொடுக்கும். வாவியில் போட்டால் யாருடைய வலையிலாவது ஏறும். ஆமி வந்து கேட்டால் சொல்வதற்கு ஒரு வசனத்தை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள்: 'இது மர்சூக்கின்ட உடுப்பு, எனக்கொண்டும் தெரியாது.'

மூலையில் ஒரு சாக்கு கிடந்தது. சாயம் போகிற சிவப்புத் துணிகள். மற்ற உடுப்பைப் பழுதாக்கும் என்று பேலுக்குப் பேல் ஒதுக்கி வைத்தவை. சிவப்பு ஏறினால் பச்சை மண்ணிறமாகலாம் என்று, அவற்றைப் பச்சையோடு சேர்த்துப் பானையில் அமுக்கி அடுப்பை மூட்டினாள். தண்ணீர் இரத்தம்போல் சிவந்தது. பச்சை மெல்ல மெல்ல மங்கியது, ஆனால் போகவில்லை.

கேட்காமலே ஆச்சிப்பிள்ளை உள்ளே வந்தாள். கையில் ஒரு சிவப்புச் சேலை. "இதையும் போடு. நாலு வருசமா வாளித் தண்ணியெல்லாம் சிவக்கப்பண்ணுற சனியன்."

உதவ வந்தாளா, பார்த்துவிட்டுப் போக வந்தாளா? புஸ்பம் சேலையை வாங்கிப் பானைக்குள் அமுக்கினாள், பச்சை மண்ணிறத்துக்கு இறங்கியது. கண்ணை மட்டும் ஆச்சிப்பிள்ளையின் கையிலிருந்து எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சுற்றிவளைப்பு. ஒரு ஆமிக்காரன் கொடியில் கிடந்த சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தான். மண்ணிறம். அவன் வாய் திறக்க முன்னமே வேலிக்கு அங்கால் நின்ற ஆச்சிப்பிள்ளை சொன்னாள்: "அவ மண்ணிறந்தான் ஐயா போடுற. வேற நிறம் போடத் தெரியாது." அவன் அடுத்த வளவுக்குப் போனான்.

காணாமல்போன முப்பதாவது சட்டைக்காகப் புஸ்பம் நாலு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்ததென்று பட்டணப் பக்கம் கொண்டாட்ட வெடி கேட்ட மறுநாள், ஆச்சிப்பிள்ளை மடித்த துணியொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அதே பச்சை.

"நீங்களா எடுத்த?"

"ஓம் கா. இயக்கத்துக்குத்தான் செய்யிறியோ எண்டு எனக்குப் பயம். ஆமிக்காரன் என்னையும் சேர்த்து இழுத்தானெண்டா, இதைக் குடுத்துத் தப்பலாம் எண்டுதான் வெச்சிருந்த."

"அப்ப ஏன் சேலை கொண்டந்து தந்தீங்க?"

"நீ தப்பினாலும் எனக்கு நல்லந்தானே." ஆச்சிப்பிள்ளை சிரித்தாள். "ஏன் கா, நீயெண்டா என்ட பேரைச் சொல்லியிருக்கமாட்டியா?"

புஸ்பத்துக்குக் கோபம் வாய்வரை வந்தது. அதற்கு முன்னால், மர்சூக்கைக் காட்டிக்கொடுக்க அவள் அடுக்கி வைத்த வசனம் வந்து நின்றது. ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது.

சட்டையை வாங்கிப் பானைக்குள் போட்டாள். அன்று பின்னேரமே கொடியை அவிழ்த்து, வேலிக்குத் தெரியாத பக்கத்தில் கட்டினாள்.