இருளாயி அக்கா குடிக்காத தண்ணீர்

இருளாயி அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். கணவர் இறந்த பிறகு கிள்ளானில் மகன் விக்னேஸ்வரன் வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு அறுபத்தேழு. ஐம்பத்தெட்டு வயதில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். அதற்குப் பிறகு இவரோடு சேர்த்து ஆறு பேரைப் பார்த்திருக்கிறேன்.

போன ஆகஸ்டில், தோட்டத்துக் கோயில் கமிட்டியிலிருந்து ஜெயபாலன் என்பவர் போன் செய்தார். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, இப்போது செம்பனையும் போய் வீடுகள் வரப்போகின்றன. அதனால் தோட்டத்து இடுகாட்டைத் தோண்டி எலும்புகளை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். சொந்தக்காரர் வந்து குழியைக் காட்டினால் தனிப் பெட்டி, தனி இடம், பெயர் வெட்டிய கல். காட்ட ஆள் இல்லாத எலும்புகள் எல்லாம் ஒரே குழியில். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு மண் வாரும் மெசின் கிளம்பிவிடும்.

அக்காவின் மூத்த மகள் காளியம்மா அங்கே இருந்தாள். 1967இல், நாலு வயதில், காய்ச்சலில் இறந்தவள். விக்னேஸ்வரன் அதற்கு ஐந்து வருடம் கழித்துப் பிறந்தவர். அவருக்குக் குழி தெரியாது. அந்தக் காலத்தில் கல் வைக்கவில்லை. மரத்தில் பால் வடியக் கட்டும் மங்கு என்ற கோப்பை ஒன்றைக் கவிழ்த்துத் தலைமாட்டில் பதித்திருந்தார்கள். அந்த இடுகாட்டில் அப்படி நூறு மங்குகளாவது இருக்கும்.

"எங்கனு சொல்லுங்கக்கா. நான் போய்க் காட்டிட்டு வாரேன்," என்றேன்.

"வாயால சொல்லத் தெரியாது விமலா. அங்க போய் நின்னா காலுக்குத் தெரியும்."

ஒரே நாளில் போய்த் திரும்ப அவர் உடம்பு தாங்காது. வெள்ளிக்கிழமை ஈப்போவில் தங்குவது என்று முடிவானது. விக்னேஸ்வரனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. கைப்பேசியில் ஒரு ஹோட்டலைப் பார்த்துப் பதிவு செய்தார். கீழ்த்தளத்தில் அறை, குளியலறையில் கைப்பிடி, லிப்ட். படங்களை எனக்கும் காட்டினார். "நல்லா இருக்கு ஆன்ட்டி, கவலப்படாதீங்க." நானும் ஒரு தடவை போனில் பேசி உறுதி செய்துகொண்டேன்.

வழியில் தாப்பாவில் பஸ் நின்றது. கழிவறைக்குப் போகலாம் என்று எழுப்பினேன். வேண்டாம் என்றார்.

"எனக்கு மூத்திரப் பையே கெடையாது. அத அப்பவே கங்காணி புடுங்கி வச்சிக்கிட்டான்."

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போதிலிருந்து பால் எடுத்து முடிக்கும்வரை தோட்டத்துப் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்களாம். குடித்தால் ஒதுங்க வேண்டிவரும். அடுத்த மர நிரையில் ஆண்கள் இருப்பார்கள், கீழே அட்டை, மரத்தை விட்டு நகர்ந்தால் மேற்பார்வை பார்க்கும் கங்காணியின் வசவு. நாக்கை நனைத்துத் துப்பிவிட்டு வெட்டுவார்களாம். பக்கத்து இருக்கைப் பெண்மணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஹோட்டல் கவுண்டரில் தனேஷ் என்று பெயர்ப்பட்டை குத்திய ஆள், நாற்பது வயதிருக்கும்.

"கீழ் ரூமெல்லாம் கல்யாணக் கூட்டத்துக்குப் போயிருச்சு ஆன்ட்டி. ரெண்டாவது மாடி குடுத்திருக்கேன். காத்தோட்டமா இருக்கும்லா."

லிப்ட் கதவில் பழுது என்பதை மலாயில் ரோசாக் என்று எழுதி ஒட்டியிருந்தது. தாளே பழுத்துப் போயிருந்தது.

"செய்யறதுக்கு ஆள் வருது. அடுத்த வாரம்," என்றார்.

"எந்த வருசத்து அடுத்த வாரம் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"பாட்டிக்கு வாய் நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் கைப்பேசிக்குத் திரும்பினார்.

வேறு மூன்று ஹோட்டல்களுக்குப் போன் செய்து பார்த்தேன். கல்யாண சீசன். இடம் இல்லை. முப்பத்திரண்டு படிகள். திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, உட்கார வைத்து ஏற்றினேன். நாற்பது நிமிடம் ஆனது.

அறையில் சுவரெல்லாம் ஈரவாடை. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் தூசி படிந்த பிளாஸ்டிக் பூக்களோடு ஒரு பீங்கான் சாடி. குளியலறை வாசலில் முக்கால் அடி உயரத்துக்குப் படி. தரையில் தண்ணீர் தேங்கி நின்றது. கழிப்பறை இருக்கை விரிசல் விட்டு ஆடியது. படத்தில் பார்த்த கைப்பிடி இருந்த இடத்தில் சுவரில் இரண்டு ஓட்டைகள்.

அக்காவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அந்தப் படியைத் தாண்டவைத்தேன். திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் விட்டபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்து நின்றேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்பு போச்சா?"

"பிடிப்புதான். போயிரும். இன்னிக்கு மட்டும் பேம்பர்ஸ் கட்டிக்குங்கக்கா."

"அதக் கட்டிக்கிட்டா என் புள்ளையப் பாக்கப் போகணும்?"

நான் வற்புறுத்தவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் பேனாவால் கோடுகள் போட்டு, எந்த மணிக்கு எதுவரை குடிக்க வேண்டும் என்று சொல்லி, கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். பயிற்சியில் கற்றுக்கொடுத்த முறை. கீழே போய்த் தோசை வாங்கி வந்தபோது போத்தலில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. படுக்கும் முன் போத்தல் காலி.

"கழிவறைக்குப் போகலாம் வாங்க."

"நீ கடைக்குப் போனப்பவே போயிட்டு வந்துட்டேன். சொவத்தப் புடிச்சிக்கிட்டுப் போனேன்."

தனியாகப் போனதற்குத் திட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் படியை அவரால் தனியாகத் தாண்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நம்பினேன். என் இடுப்புக்கு அது வசதியாக இருந்தது.

காலையில் நிரப்பிவைத்த போத்தலும் ஏழு மணிக்குள் காலி. எப்போதும்போல் இரத்த அழுத்த மாத்திரையும், கால் வீக்கத்துக்காக நீரை வெளியேற்றும் மாத்திரையும் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. போகிற காரியம் அப்படி, அதனால்தான் என்று நினைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜெயபாலன் காரில் வந்து அழைத்துப் போனார். எட்டரைக்கு இடுகாட்டில் இருந்தோம். மெசின் ஓரமாக நின்றது. கூடாரம் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் சிறு கொடிகளைக் குழிகளில் நட்டுக்கொண்டிருந்தன. அக்காவின் கையிலும் ஒரு கொடியைக் கொடுத்து, "எந்த இடம்மா? நடங்க, நாங்க பின்னால வாரோம்," என்றார் ஜெயபாலன்.

அக்கா கொடியைப் பார்த்தார். அப்புறம் தரையைத் தேடினார்.

"வாளிய எங்க வச்சே?"

"எந்த வாளிக்கா?"

"பால் கட்டிப் போயிரும். கங்காணி வாரதுக்குள்ள எடு."

"அம்மா, காளியம்மா குழி. ஒங்க மக," என்றார் ஜெயபாலன்.

அக்கா அவரை முறைத்தார். "என் புள்ள லயத்து வீட்டுல தூங்குது. காலங்காத்தால என்ன பேச்சு பேசுறே நீ?"

கையை எடுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளிய இடம் கூம்பாகவே நின்றது. நாக்கு காய்ந்த அட்டைத்தாள் மாதிரி. நாடி வேகமாக ஓடியது. என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கொஞ்ச நேரம் நெழல்ல உக்கார வைப்போம்," என்றார் ஜெயபாலன். "எளநி தாரேன். தெளிஞ்சிருவாங்க. பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்கு."

உடனே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். நான் ஒரு மணி நேரம் கொடுத்தேன். மகளைப் புதைத்து ஐம்பத்தேழு வருடம் கழித்து அவளைத் தேடி வந்திருக்கிறார், தெளிந்துவிட மாட்டாரா என்று கரண்டி கரண்டியாக இளநீர் ஊற்றினேன். நடத்திப் பார்த்தோம். நாலடி வைத்தார். ஒரு மங்கைக் கண்டதும் குனிந்து அதை நிமிர்த்தப் பார்த்தார். அது வேறொரு குடும்பம் கொடி நட்ட குழி. அவர்கள் விலகிக்கொண்டார்கள். பத்து மணிக்கு எல்லாவற்றையும் வாந்தி எடுத்துச் சரிந்தார்.

"எதாச்சும் ஒரு குழியக் காட்டிட்டுப் போங்கக்கா," என்றார் ஜெயபாலன் என்னிடம் தணிந்த குரலில். "பேராவது இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அவங்களுக்குத் தெரியும்," என்றேன். "காரை எடுங்க."

பத்து காஜா மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடம்பில் நீர் வற்றி இரத்தத்தில் உப்பு ஏறியிருந்தது. எத்தனை மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்று டாக்டர் கேட்டார். நேற்று மாலை நாலு மணியிலிருந்து என்றேன். நீர் மாத்திரை கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

பகலில் பைகளை எடுக்க ஹோட்டலுக்குப் போனேன். மேசையில் இருந்த என் மூக்குக் கண்ணாடியை எடுக்கும்போது சாடியில் கை பட்டு அது சாய்ந்தது. தண்ணீர் மேசையெல்லாம் ஓடித் தரையில் கொட்டியது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். அதிலும் தண்ணீர். பெரிய துண்டை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தேன்.

கீழே தனேஷிடம் சாவியைக் கொடுத்தேன்.

"பாட்டி எங்க ஆன்ட்டி?"

"ஆஸ்பத்திரியில."

"ஐயோ. விழுந்துட்டாங்களா?"

"இல்ல. அந்தப் படிய இடிச்சிப் போடச் சொல்லு, ஒன் மொதலாளிகிட்ட."

தலையாட்டினார். எந்தப் படி என்று கேட்கவில்லை.

மூன்றரைக்கு மருத்துவமனைக்குத் திரும்பினேன். நாலு மணி தாண்டி அக்கா கண் விழித்தார். இரண்டாவது போத்தல் மருந்துநீர் ஏறிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டார்.

"விமலா, மணி என்ன?"

"நாலே கால்."

"சாயங்காலமா?"

"ஆமா."

எதிர்க் கட்டிலில் இருந்த சீனக் கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அங்க போனேனா?"

"போனீங்க. காட்ட முடியல."

"மெசின் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"அப்ப புள்ள?"

"மத்தவங்களோட சேத்து வச்சிட்டாங்க. ஜெயபாலன் போன் பண்ணாரு."

நான் எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது சொல்வார்கள். அவர் அழவில்லை. நான் மருந்துக்கடையில் வாங்கி இடுப்பில் கட்டியிருந்த பட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது."

"தண்ணி குடு."

கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு நான் பார்ப்பதற்காக அதைப் போர்வைமேல் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினார்.