சீனி போட்ட சாராயம்

போன கிழமை ஓர்ஸ் ஹில்லில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். பிளேன்ரீ வந்தது. கிளாஸ் விளிம்பில் ஓர் எறும்பு ஊர்கோலம் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருந்தவர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

யுத்த காலத்தில் நான் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் படிப்பித்தேன். திங்கள் காலை லாஞ்சில் போனால் வெள்ளி பின்னேரம்தான் லிங்கநகருக்குத் திரும்புவேன். தீவில் சாராயக் கடை இல்லை, கொண்டுபோகவும் தடை. தடை வந்த பிறகு அதன் மவுசைக் கேட்கவேண்டுமா? காசு இருந்தாலும் அங்கே வாங்க ஒன்றுமில்லை, ஆகவே கூலியெல்லாம் சாராயத்தில்தான். தலைமயிர் வெட்ட இரண்டு மூடி, வேலி அடைக்கக் கால் போத்தல். "காசு கடதாசி, போத்தல்தான் பவுண்" என்பார்கள். வாயில் வைக்காதவர்கள்கூட மகளின் கலியாணத்துக்கென்று ஒரு போத்தலை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

எனக்குச் சாப்பாடு தெய்வானையக்கா வீட்டில். அவர் புருஷனின் வள்ளம் எஞ்சின் பழுதாகி மூன்று கிழமையாகக் கரையில் கிடந்தது. என் தட்டில் பாரை மீன் இருந்த இடத்துக்குப் பூசணிக்காய் வந்தது, பிறகு முருங்கையிலை, பிறகு வெறும் சொதி. ஒருநாள் அக்காவின் காதுத் தோட்டையும் காணவில்லை.

"வித்துப்போட்டன் மாஸ்ரர். ஆனா சின்னராசாண்ணை காசைத் திரும்பியும் பாக்கிறாரில்லை."

சின்னராசா தீவின் ஒரே மெக்கானிக். முழுப் போத்தலுக்குக் குறைந்தால் ஸ்பானரைத் தொடமாட்டார்.

"உங்கட சுடுதண்ணிப் போத்தலை ஆர் சந்தேகப்படப் போறாங்கள்?" என்றார் அக்கா.

எனக்கு ஊரில் நல்லவன் என்று பெயர். அக்காவுக்காகத்தான் சம்மதித்தேன் என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். பாரை மீனுக்கும் அதில் பங்குண்டு. சாராயமும் வெறுந்தேநீரும் ஒரே நிறம். லிங்கநகரில் வாங்கிய சாராயத்தைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, திங்கள் காலை இறங்குதுறையில் ஆமி சோதிக்கும் சென்றியில் நின்றேன்.

"மாஸ்டர், இது என்ன?"

"பிளேன்ரீ."

ஆமிக்காரன் திறந்தான். மணந்தான். என்னைப் பார்த்தான். மூடி நிறைய ஊற்றி ஒரே மடக்கு. முகத்தில் ஓர் அசைவில்லை. இன்னொரு மூடி. இன்னுமொன்று. பிறகு இறுக்கித் திருகிக் கையில் தந்தான்.

"சீனி மதி, மாஸ்டர்."

மதி என்றால் சிங்களத்தில் போதாது. சீனி காணாதாம்!

லாஞ்சில் ஏறித்தான் ஆட்டிப் பார்த்தேன். கால்வாசி போய்விட்டது. தீவில் இறங்கியதும் துறையடித் தேநீர்க் கடையில் குறைந்துபோன அளவுக்குப் பிளேன்ரீ ஊற்றச் சொன்னேன். கடைக்காரர் கைப்பழக்கத்தில் சீனியும் போட்டார். குடிக்கிறவனாக இருந்தால் தடுத்திருப்பேன்.

சின்னராசா ஒரு கிளாஸ் ஊற்றி எஞ்சின் மேல் வைத்துவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது கிளாஸில் எறும்பு வரிசை.

"மாஸ்ரர், முப்பது வருசமாக் குடிக்கிறன். எறும்பு பங்குக்கு வந்ததை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

அக்கா வெறுங்காதைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் நடந்ததையெல்லாம் ஒப்புவித்தேன். சின்னராசா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"சென்றிக்காரன் கால் எடுத்தவன். மிச்சம் முக்கால். முக்காலுக்கு முக்கால் வேலை செய்து தாறன் பிள்ளை, சரியோ?"

"ஓம் அண்ணை," என்றார் அக்கா. வேறென்ன சொல்வார்?

மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை. எஞ்சின் ஓடியது. நிறுத்தும் பொத்தானை மட்டும் அவர் தொடவேயில்லை. எண்ணெய்க் குழாயைப் பூட்டினாலும் உள்ளே கிடந்தது எரிந்து முடியும்வரை வள்ளம் கரைக்கு முன்னால் இரண்டு வட்டம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அந்தச் சத்தம் கேட்டதும், "மாஸ்ரரின்ர தேத்தண்ணி வருது!" என்று பெண்கள் கூடையோடு ஓடுவார்கள். பாரை தட்டுக்குத் திரும்பியது. தைப்பொங்கலுக்கு அக்காவின் காதிலும் ஏதோ மினுங்கியது.

தீவின் செலாவணியைக் கெடுத்த பாவம் மட்டும் என்னைச் சேரும். அதன்பிறகு எவர் போத்தல் நீட்டினாலும் எறும்புப் புற்றடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே வாங்கினார்கள். தலைமயிர் வெட்ட மூன்று மூடியாயிற்று.

இப்போது சென்றி இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். தீவிலேயே சாராயக் கடை இருக்கிறது. சின்னராசா இல்லை, அவர் மகன் காசை வாங்கிக்கொண்டு பொத்தானையும் சேர்த்தே திருத்துகிறான். போன மாசம் அந்தக் கரையில் நெடுநேரம் நின்றேன். வள்ளங்கள் வந்தன, பொத்தானை அமத்தினார்கள், நின்றன. ஒன்றாவது சுற்றுமென்று பார்த்தேன்.