படத்தில் இருந்த நிழல்

சிங்கப்பூரில் வெளியே வேர்த்துக் கொட்டும். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஸ்வெட்டர் மாட்டிக்கொள்ள வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் மார்கழியில்கூட ஸ்வெட்டர் தொடாதவள் நான். இங்கே அதைப் போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டரில் கட்டடங்கள் வரைகிறேன். கட்டடம் எழும்பும் சைட்டில் சீனர், வங்காளி, நம்மவர் என்று ஆளுக்கொரு பாஷை. வரைபடத்தைக் காட்டினால் போர்மேன் லிம் "கேன், கேன்" என்பார். முதல் நாள், மண்ணெண்ணெய் கேன் கேட்கிறாரோ என்று சுற்றுமுற்றும் தேடினேன். 'முடியும்' என்று அர்த்தமாம். முடியும் என்றுவிட்டு மாற்றிக் கட்டியதும் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில்தான், கட்டி முடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே கம்ப்யூட்டரில் வண்ணப் படமாக அச்செடுத்து சைட்டில் ஒட்ட ஆரம்பித்தோம். பார்த்தார்கள், கட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் அம்மா வாசல்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இனி சக்கர நாற்காலிதான் என்றுவிட்டார் டாக்டர். தம்பி ஜெபராஜ் அப்போதுதான் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தான். கொத்தனார் கருப்பையா கட்டும் வீடு எதுவானாலும் வாசலில் உயரமான படிகள் இருக்கும். படி வேண்டாம், சரிவு வேண்டும் என்று போனில் சொன்னேன். "சொல்லிட்டேன்க்கா, சரின்னுட்டாரு" என்றான் தம்பி. எனக்கு லிம்மின் 'கேன்' ஞாபகம் வந்தது. வீட்டின் முன்பக்கத்தையும், தெருவிலிருந்து உள்ளே ஏறும் சரிவையும், அதில் அம்மா நாற்காலியில் போவதையும் படமாக்கித் தபாலில் அனுப்பினேன்.

லீவில் ஊருக்குப் போனபோது பஸ்ஸில் ஒரே நினைப்புதான். தப்பாகக் கட்டியிருந்தால் அம்மா ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்க வேண்டும். இறங்கித் தெரு திரும்பினால், அம்மா வாசலுக்கு வெளியே! யாரும் தள்ளாமல், தானே உருட்டிக்கொண்டு சரிவில் இறங்கி வந்திருந்தாள்.

"ஏத்தா, எதுக்கு அழுவுற? இப்பல்லாம் சர்ச்சுக்கு நானே போறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், முன்பக்க வெள்ளைச் சுவரில் சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. மிச்ச வேலைக்கு வந்திருந்த கருப்பையாவிடம் கேட்டேன்.

"இது என்ன அண்ணாச்சி?"

"நீ போட்ட மாதிரிதேன் தாயி அடிச்சேன். படத்துல கருப்பா இருந்துச்சுல்ல?"

அது படத்தில் கம்ப்யூட்டர் போட்ட கூரை நிழல். சொன்னதும் அவர் தலையில் கைவைத்தார். "நெழலுக்கா பெயின்ட் அடிச்சேன்!" அவர் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. வெள்ளையடித்துவிடலாம் என்றான் ஜெபராஜ்.

"இருந்துட்டுப் போகுதுலே" என்றாள் அம்மா.

சாயங்கால வெயிலில் கூரையின் நிஜ நிழல் சுவரில் விழுந்தது. சிங்கப்பூர் வெயில் விழும் கோணத்தை வைத்து நான் போட்ட கறுப்பு நிழல் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அம்மாவின் நாற்காலியைப் பிடித்தபடி, இரண்டுக்கும் நடுவே வெள்ளையாகக் கிடந்த சுவரில் நான் சாய்ந்துகொண்டேன்.