சீக்குக்காரச் செருப்பு

மும்பை தாராவியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். வீடு செம்பூரில். சர்க்கரைக்காரர்களின் கால்களைப் பார்ப்பதுதான் என் வேலை. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்வு போய்விடும், ஆணி குத்தினால்கூடத் தெரியாது. அந்தப் புண் பெரிதாகி விரலை எடுக்கும்படி ஆகிவிடுவதற்கு முன்பே நாங்கள் கண்டுபிடித்தாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஸ்காட்லாந்தில் ஒரு நர்சிங் கல்லூரி எங்களோடு சேர்ந்து வேலை செய்ய முன்வந்தது. முதல் வருடம் அவர்கள் திட்டம் போட்டார்கள், நாங்கள் செய்தோம். புண்ணில் ஒட்டும் உயர்ந்த ரகப் பஞ்சு பெட்டி பெட்டியாக வந்தது. நல்ல பஞ்சு என்பதில் சந்தேகமில்லை, புண்கள் சீக்கிரமே ஆறின. பெட்டிகள் தீர்ந்ததும் பழையபடி சாதாரணத் துணியைச் சுற்றினோம். "அந்த ஃபாரின் பஞ்சு எங்க சிஸ்டர்?" என்று கேட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள் நோயாளிகள். ஏதோ நான்தான் ஒளித்துவைத்துவிட்ட மாதிரி.

மறுவருடம் அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு நர்ஸ் நேரிலேயே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கலகலப்பானவர். கூடவே புதிய பெட்டிகளும் வந்திருந்தன. மாட்டுங்காவில் தோசை சாப்பிடக் கூட்டிப்போனேன். மனதிலிருந்ததை அங்கே சொல்லிவிட்டேன்: இனிமேல் பெட்டி வேண்டாம், அது நின்றுபோகும்போது நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒரு வருடமாக நன்றி நன்றி என்றுதானே எழுதினீர்கள்?" என்றார்.

"என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லையே" என்றேன்.

தோசையைச் சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிட்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். மறுநாள் காலை எனக்கு முன்பாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். "இன்று நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்கள் பின்னால் வருகிறேன்" என்றார்.

நேராக இட்லிக்கார அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். காலையில் கல்லி என்று இங்கே சொல்லும் சந்தின் முனையில் உட்கார்ந்து இட்லி விற்பார். கால் கட்டைவிரலுக்குக் கீழே அவருக்கு ஒரு புண். ஆறும், பிறகு அதே இடத்தில் மறுபடியும் வரும். அழுத்தம் படாமலிருக்க, கல்லூரி அனுப்பிய விசேஷச் செருப்பு ஒன்றைக் கொடுத்திருந்தோம். கறுப்பாக, அகலமாக, படகு மாதிரி இருக்கும். அது உறைகூடப் பிரிக்காமல் பரண்மேல் கிடந்தது.

"ஏன்க்கா போடல?"

"இதப் போட்டுட்டு நா ரோட்டுல உக்காந்தா, என்ன சீக்குன்னு நாலு பேரு கேப்பாளுவ. சீக்குக்காரி கையால எவன் இட்லி வாங்கித் திம்பான்? சும்மா ஃபோகட்ல குடுத்தாலும் எனக்கு வேண்டாம் சிஸ்டர்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஸ்காட்லாந்து நர்ஸ் தரையில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அவர் ஊரில் முன்பு பஸ் ஓட்டிய ஒரு பெரியவர் இருக்கிறாராம். இதே செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, ஆஸ்பத்திரிக்கு வரும் அன்று மட்டும் போட்டுக்கொண்டு வருவாராம். "இதற்கு எங்களிடமும் வழி கிடையாது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

அக்காவையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கல்லியில் லேடீஸ் செருப்பு தைக்கும் பாயின் பட்டறைக்குப் போனோம். பாயும் அக்கா ஊர்ப்பக்கம்தான். புண்ணை அழுத்தாமல், பார்க்க மட்டும் சாதாரணச் செருப்பு மாதிரியே செய்ய முடியுமா என்று கேட்டோம்.

"மெத்து ரப்பர் வச்சா தடிமனாயிரும் சிஸ்டர். சைடுல கலர் பட்டி ஒட்டுனா தெரியாது. அதுக்கு நா கேரண்டி" என்றார் பாய்.

ஆணி கூடாது, ஒட்டித் தைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். உணர்வில்லாத காலிலிருந்து நழுவிவிடும், பின்னால் ஒரு வார் கட்டாயம் வேண்டும் என்று ஸ்காட்லாந்து நர்ஸ் சொன்னார். அரக்கு நிறமும் தங்கக் கலர் பக்கிளும் அக்காவின் முடிவு. பாய் செய்த முதல் ஜோடி விரலை அழுத்தியது, அடுத்தது தொளதொளத்தது. அதற்கடுத்ததைப் போட்டுக்கொண்டு அக்கா பட்டறைக்குள்ளேயே நடந்து காட்டினார். பாய் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கல்யாணம், ஷாதிக்குப் போட்டுட்டுப் போலாம் போலருக்கே!" என்றார் அக்கா.

ஸ்காட்லாந்து நர்ஸ் ஊர் திரும்புமுன் அடுத்த வருடத் திட்டத்தை ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினோம். சில இடங்களில் சண்டையும் போட்டோம். பெட்டிகளுக்கு ஒதுக்கியிருந்த பணம் பாயின் பட்டறைக்கும், எங்கள் நர்ஸ்களின் பயிற்சிக்கும் போனது. அவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் இங்கே வந்து கற்றுக்கொள்வதென்றால் எங்கள் நர்ஸ்களும் அங்கே போக வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். போன குளிர்காலத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் போய்வந்தாள்.

அக்காவுக்குப் புண் திரும்ப வரவில்லை. கல்லியில் வேறு பெண்களும் அதே மாதிரிச் செருப்பு கேட்கிறார்கள், சர்க்கரை இல்லாதவர்களும்தான். ஸ்காட்லாந்திலும் அந்த பஸ் ஓட்டிய பெரியவருக்கு அவரே தேர்ந்தெடுத்த தோலில் ஒருவர் ஷூ தைத்துக் கொடுத்திருக்கிறார். சென்ற மாதம் அந்த நர்ஸ் எங்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் காலைத் தூக்கிக் காட்டினார். அக்கா போனைக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"ஷூ ஏகதம் நல்லாருக்கு, கலர்தான் மட்டம்னு சொல்லுங்க சிஸ்டர்."

சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் நோயாளிகளின் வரிசை ஆஸ்பத்திரி வாசல்வரை நின்றது. போனை அக்காவிடமே விட்டுவிட்டு, அடுத்தவரைக் காலை ஸ்டூலில் வைக்கச் சொன்னேன்.